தக்காளித் தோல்

சிரிக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஹா ஹா ஹா என்று சிரிக்க வேண்டுமாம். மேடையில் நிற்கிற சிரிப்புப் பயிற்சிக்காரர், கம்பெனி வெளியிலிருந்து கூட்டிவந்தவர், மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு சிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு ஹாவுக்கும் அவர் தொண்டையில் எச்சில் புரள்கிற சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகி என் காதுக்குள் வந்து ஒழுகுகிறது. நானும் கையைத் தூக்கியிருக்கிறேன், வாயைத் திறந்திருக்கிறேன், சத்தம்தான் வரவில்லை. எனக்கு முன்னால் நிற்கிறவரின் அக்குள் நனைந்து சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பழைய கார்ப்பெட்டின் ஈர வாடையை மறைக்க மல்லிகை வாசனை ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள், இப்போது அது ஈரக் கார்ப்பெட்டில் செத்த மல்லிகை. பின்பக்கக் கதவு திறக்கும்போதெல்லாம் சமோசா எண்ணெய் வாசனையும் வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள், சிரித்த முகம் வரைந்தது, கவலை வந்தால் இதைப் பிசையுங்கள் என்று. பிசைந்து பார்த்தேன். உள்ளே என்னவோ மாவு மாதிரி நகர்கிறது. நாற்காலிக்குக் கீழே போட்டுவிட்டேன். பக்கத்தில் தணிகாசலம் சார் மட்டும் நிஜமாகவே சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ரின்யூவல் செக்‌ஷனில் இருப்பவர், சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவர், போன ஆடியில் மனைவியைப் பறிகொடுத்தவர். 'சிரிம்மா பவளம், காசா பணமா' என்கிறார். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: உங்கள் மனம், எங்கள் அக்கறை. கிண்டியில் இந்தக் கட்டடத்தில் எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிற மூன்று மாடி ஆட்களையும் இங்கே கொண்டுவந்து அடைத்துவிட்டு அக்கறை காட்டுகிறது. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் மேடையேறி, நான் எப்படிக் குணமானேன் என்று பேச வேண்டும். கேமராக்காரர் இப்போதே என் பக்கம் ஒருமுறை திருப்பிச் சரிபார்த்துக்கொண்டார்.

குணமானேன். என்ன வார்த்தை அது. காலையில் குளிக்கும்போதே சொல்லிப் பார்த்தேன், நான் பவளக்கொடி, டெத் க்ளெய்ம் செக்‌ஷன், எனக்குக் கொஞ்ச நாள் மனசு சரியில்லை, கம்பெனி கூடவே நின்றது, இன்று குணமாகிவிட்டேன். சொல்லி முடித்தபோது சோப்பு நுரை வாய்க்குள் போயிருந்தது. என் வேலை சாவு பார்க்கிறது. பாலிசி எடுத்துக் கொஞ்ச வருஷத்திலேயே செத்துப்போகிறவர்களின் ஃபைல்தான் என் மேஜைக்கு வரும். எப்படிச் செத்தார், நிஜமாகவே அப்படித்தானா, எந்த வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்று தோண்ட வேண்டும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், போலீஸ் எடுத்த படம், ஆஸ்பத்திரிச் சீட்டு. முதலில் படங்கள் காகிதத்தில் வந்தன, சின்னதாக, மங்கலாக. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில், விரலால் இழுத்தால் பெரிதாகும். அதற்கும் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ரயிலில் அடிபட்டவர், கிணற்றில் ஊறினவர், தூக்கு. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டேன். பட்டாசு ஆலைத் தீயில் செத்த ஒரு பெண்ணின் ஃபைல் வந்ததும், எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் பெயரை இரண்டாம் தடவை படித்தேன், அவ்வளவுதான் முதல் நாள். மறுநாள் ரகோத்தமன் சார், எங்கள் மேனேஜர், என் மேஜைக்கு வந்து மெதுவாக, அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார், 'அங்க அடையாளம் கன்ஃபர்ம் ஆகலையே பவளக்கொடி, வலது முன்கையில மச்சம்னு போட்டிருக்கு, படத்துல பாத்தீங்களா' என்றார். பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் தோலே இல்லை. முழங்கையிலிருந்து கழன்று மணிக்கட்டுப் பக்கம் சுருண்டு கிடந்தது, மெல்லிசாக, சிவப்பாக, ஓரம் சுருட்டிக்கொண்டு. அந்தச் சுருளுக்குள் மச்சம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சுருளை மேலும் பெரிதாக்கினேன். அதை நான்தான் செய்தேன், யாரும் என் விரலைப் பிடித்து இழுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அதில் மச்சம் தேடினேன்.

ராத்திரி ரசம். தட்டில் ஊற்றினதும் தக்காளித் தோல் மிதந்து வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, மெல்லிசாக, சிவப்பாக, ஓரம் சுருட்டிக்கொண்டு. எழுந்து போய் வாந்தி எடுத்தேன். அதற்கப்புறம் தக்காளியைக் கொதிக்கவைத்துத் தோலுரித்து மிக்ஸியில் அடித்துத்தான் எதிலும் சேர்ப்பது. 'ரசம் ஏம்மா பேஸ்ட் மாதிரி இருக்கு' என்று என் பெண் கேட்டாள், டாக்டர் சொன்னார் என்று எதையோ சொன்னேன். பிறகு மாம்பழத் தோல், பிறகு பாலின் ஆடை, பிறகு என் உதட்டில் வெடித்து நிற்கிற தோல். கையைக் கழுவிக் கழுவி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கும், அதைப் பார்த்தால் மறுபடியும் குமட்டும். எடை இறங்கிப் பழைய ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது. ஆபீஸில் பெண்கள் அதற்கு என்னைப் பாராட்டினார்கள், என்ன டயட் மேடம் என்று. எச்ஆர் அக்ஷிதாவிடம் போய் என்னை வேறு ஸீட்டுக்கு மாற்றுங்கள் என்றேன். அவள் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு, 'முதல்ல நம்ம கவுன்ஸிலரைப் பாருங்க மேடம், அதுக்காகத்தானே வெச்சிருக்கோம்' என்றாள். ஐந்தாவது மாடியில் பனிக்கண்ணாடி போட்ட சின்ன அறை. பிளாஸ்டிக் செடி, டிஷ்யூ டப்பா, கதர் குர்தா போட்ட எஸ்தர். முப்பது வயது இருக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். 'இங்க நீங்க பேசறது எதுவும் இந்த ரூமைத் தாண்டிப் போகாது' என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பே தளர்ந்து போயிற்று. எத்தனை வருஷமாகவோ யாரும் என்னிடம் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. சொன்னேன். பட்டாசு ஆலைப் பெண், மச்சம், சுருள், ரசம். தக்காளித் தோல் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது, எஸ்தர் சிரிக்கவில்லை, டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறேன். அதற்கப்புறம் ஒரு நாள் கேன்டீனில் ரகோத்தமன் சார் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். வாயில் எப்போதும் ஏலக்காய், பேசும்போது நாக்கின் ஓரத்தில் பச்சையாக ஒரு தோல் தெரியும். உட்காருவதற்கு முன் சின்ன பாட்டிலிலிருந்து சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டார், சுத்தமான மனிதர். என் சாம்பாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'தக்காளித் தோலெல்லாம் எடுத்துட்டுப் போடச் சொல்லட்டுமா கிச்சன்ல? உங்களுக்கு அது கஷ்டம் இல்லையா' என்றார். அக்கறையாகத்தான் கேட்டார், அதுதான், அக்கறையாகக் கேட்டார். நான் சரி சார் என்றேன். சரி சார் என்று சொன்ன என் வாயை என்ன செய்ய? ஸ்பூன் கையில் இருந்தது. சாம்பாரை எடுத்து வாய்க்குள் வைத்து விழுங்கினேன், அவர் பார்த்துக்கொண்டிருந்ததால். அப்புறம்தான் யோசித்தேன். யாரிடம் சொன்னேன்? கணவரிடம் சொல்லவில்லை. பெண்ணிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில்கூட இல்லை. தூக்கத்தில் உளறியிருந்தால்கூட அது கிண்டிவரை வராது. அக்ஷிதாவிடம், படங்கள் பார்க்க முடியவில்லை என்று மட்டும்தான். மறுபடி முதலிலிருந்து, யாரிடம் சொன்னேன், கணவர் இல்லை, பெண் இல்லை. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வரிசையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை தடவை எண்ணினாலும் கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சுகிறாள், தலையைச் சாய்த்துக்கொண்டு. ஒருவேளை அவர் தானாகவே கண்டுபிடித்தாரோ, நான் தோலை ஒதுக்குவதைப் பார்த்திருப்பாரோ என்று அவருக்காகவும் வாதாடிப் பார்த்தேன். ஆனால் நான் ஒதுக்குவதே இல்லை. தக்காளி இருக்கிற பதார்த்தத்தை வாங்குவதே இல்லை. அன்றைக்குத்தான் சாம்பார் முதல் தடவை, எஸ்தர் சொல்லித்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள் என்று.

எங்கள் அபார்ட்மெண்டில் மேல்மாடியில் இருக்கிற சுபைதா வக்கீல். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது யாருக்கோ நடந்த மாதிரி சொன்னேன், உடனே புரிந்துகொண்டாள். ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: 'வேலை வாங்கறவனுக்கு ஆளோட கை கால் போகாம பாத்துக்கறது மட்டும் பொறுப்பு இல்லக்கா, மனசும் சேத்திதான். வாதாட வழி இருக்கு. ஆனா மொதக் கேள்வி என்ன தெரியுமா, அவங்களுக்குத் தெரியுமா? இந்த வேலையால இந்த அம்மாவுக்கு இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தாங்கன்னு காட்டணும்.' கவுன்ஸிலரிடம் சொன்னேனே என்றேன். 'கவுன்ஸிலர்கிட்ட சொன்னது வெளிய போகக் கூடாது. மனநலச் சட்டத்துலயே அந்த ரகசியம் உங்க உரிமைன்னு இருக்கு. அதனால கம்பெனி என்ன சொல்லும், எங்களுக்கு எப்படித் தெரியும், அது அந்தம்மாவோட ரகசியமாச்சேன்னு சொல்லும்.' சட்டென்று என் பக்கம் திரும்பினாள். 'வெளிய போயிடுச்சா அக்கா?' நான் ஒரு க்ளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினேன். கம்பெனிக்குத் தெரியும் என்றால் என் ரகசியத்தைத் திருடினது தப்பு. தெரியாது என்றால் எந்தத் தப்பும் இல்லை. ஆகவே தெரியாது. தெரிந்துகொண்டே தெரியாது. கேன்டீனில் தெரியும், கேட்டால் தெரியாது. அதுதான் அந்த அக்கறையின் நாற்றம், மல்லிகை அடித்த கார்ப்பெட். 'எழுதிக் குடுங்க, மெயில்ல போடுங்க' என்றாள் சுபைதா. நான் மெயில் போடப் போவதாகச் சொன்னதும் அக்ஷிதா பதறி, 'மெயிலெல்லாம் எதுக்கு மேடம், நாம ஒரு ஃபேமிலி, வாயால சொன்னாப் போதாதா' என்றாள். வீட்டில் என் கணவர் சண்முகவேலும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். 'பைத்தியம்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறியா பவளம்? நாளைக்கு வேற எவன் வேலை குடுப்பான்? நம்ம பொண்ணுக்கு வரன் பாக்க வேண்டாமா?' அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காகக் கீழ்ப்பாக்கம் என்கிற இடத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற ஊர் இது. எழுதவில்லை. வாயாலேயே நான்கு மாதம் கேட்டேன், வாயாலேயே பார்க்கலாம் என்றார்கள்.

சிரிப்பு முடிந்துவிட்டது. எல்லோரும் உட்காருகிறார்கள், நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன, வேர்வையின் வெதுவெதுப்பு மேலே எழும்புகிறது. ரகோத்தமன் சார் மேடைக்கு வருகிறார். சிரிப்புக்காரரின் மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொள்கிறார். மனசு என்பது ஒரு தோட்டம் என்கிறார். களை எடுக்க வேண்டும் என்கிறார். எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்கிறார். அந்த மெதுவான குரல் காதில் நுழையும்போது வெதுவெதுப்பான எண்ணெய் விடுகிற மாதிரி இருக்கிறது, தலையைச் சாய்த்துக் கொட்டிவிட வேண்டும் போல. இவர் கத்தியிருந்தால், திட்டியிருந்தால், ஒரு நாளாவது பல்லைக் கடித்திருந்தால், எனக்கு இவரைப் பிடிக்காமல் போவதோடு முடிந்திருக்கும். நல்லவர். என் பெண்ணுக்குக் காலேஜ் அட்மிஷனுக்கு அவராகவே ஒருவரிடம் சொல்லி உதவி செய்தார். அந்த உதவியும் இப்போது வயிற்றுக்குள் செரிக்காமல் கிடக்கிறது. இன்று நான் பேச வேண்டும் என்பதும் அவருடைய யோசனைதான். போன வாரம் அக்ஷிதா வந்தாள், 'உங்க ஜர்னியை ஷேர் பண்ணுங்க மேடம், எல்லாருக்கும் தைரியம் வரும், அப்புறம் ஸீட் மாத்தறதைப் பத்திப் பேசலாம்' என்று. அப்புறம். அந்த அப்புறத்துக்குள் எல்லாம் இருந்தது. சுபைதாவிடம் சொன்னபோது, 'அக்கா, நீங்க கேமரா முன்னாடி குணமாயிட்டேன், கம்பெனிதான் காப்பாத்துச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்தக் கோர்ட்டுக்கும் போக வேண்டாம்' என்றாள். தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தலைவலி என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பயம் என்று சொல்வேன், பயம் பாதிதான். மீதி என்னவென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஸீட் கிடைக்கும் என்கிற ஆசையாகவும் இருக்கலாம், அதுவும் சேர்ந்துதான் குமட்டுகிறது.

தணிகாசலம் சார் என் பக்கம் குனிகிறார். 'முன் வரிசையில இருக்கு பாரு, எஸ்தர் பொண்ணு' என்கிறார். பார்க்கிறேன். அதே தலைச் சாய்வு. 'தங்கமான பொண்ணும்மா. வாராவாரம் போறேன். வீட்டுக்காரி போனதுக்கப்புறம் யார்கிட்ட என்னத்தைச் சொல்றது? பசங்ககிட்டச் சொல்ல முடியுமா? இதுகிட்டச் சொன்னா மனசுல இருக்கிறதை எறக்கி வெச்ச மாதிரி இருக்கு. நீயும் போனியாமே, நல்லதும்மா.' நான் தலையாட்டுகிறேன். நான் போனது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி அவர் முகத்தையே பார்க்கிறேன். அப்புறம், இன்று நான் பேசப் போவதைப் பற்றி அக்ஷிதா எல்லோருக்கும் முன்கூட்டியே மெயில் அனுப்பியிருந்தாளே என்று ஞாபகம் வருகிறது. இவரிடம் என்ன சொல்வது? அந்த அறைக்குப் போகாதீர்கள் என்றா? போனால்தான் இவருக்கு வாரம் ஓடுகிறது. வெறும் டிஷ்யூ டப்பாவும் சாய்ந்த தலையும்தான் என்றாலும் இவருக்கு வேறு என்ன இருக்கிறது? சொல்லாமல் விட்டால்? இவர் இன்னும் எதையெல்லாம் அங்கே இறக்கி வைப்பார், அது எந்தத் தட்டில், எந்த கேன்டீனில், எந்த மெதுவான குரலில் இவருக்கே திரும்ப வந்து பரிமாறப்படும்? சொல்லவும் முடியாது, சொல்லாமலும் முடியாது. இரண்டுமே ஒரு நாற்றம். அதற்குள் மேடையிலிருந்து என் பெயர். கைதட்டல். 'நம்ம பவளக்கொடி' என்கிறார் ரகோத்தமன் சார். நம்ம. எழுந்து போகிறேன். மேடைப் படியில் அவர் என் கையில் மைக்கை வைத்து, மேலே தன் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து அழுத்துகிறார், சில்லென்று, சானிடைசர் காய்ந்த கை.

கீழே இருநூறு முகங்கள். காலையிலிருந்து சொல்லிப் பார்த்தது வாய் வரைக்கும் வருகிறது: வணக்கம், நான் பவளக்கொடி, டெத் க்ளெய்ம் செக்‌ஷன், எனக்குக் கொஞ்ச நாள் மனசு சரியில்லை. அதுவரை சொல்லியும்விட்டேன். முன் வரிசையில் எஸ்தர் எனக்குத் தைரியம் சொல்லுகிற மாதிரி, சொல்லுங்க சொல்லுங்க என்கிற மாதிரி, தலையைச் சாய்த்து ஆட்டினாள். அந்த அறையில் ஆட்டின அதே ஆட்டல். அதற்கப்புறம் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. 'வேலையாலதான் சரியில்லாமப் போச்சு. ஸீட் மாத்திக் குடுங்கன்னு நாலு மாசமாக் கேக்கறேன், மாத்தலை. நான் குணமாகலை. கவுன்ஸிலர் ரூம்ல ஒரு விஷயம் சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லலை, என் வீட்டுக்காரர்கிட்டகூட. அதை ரகோத்தமன் சார் கேன்டீன்ல என்கிட்டயே சொன்னார். எப்படி அவர்கிட்டப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்த ரூமுக்குப் போறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.' குரல் எனக்கே யாருடையதோ மாதிரி ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்தது, கரகரவென்று, அசிங்கமாக. அக்ஷிதா கேமராக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், அவர் காதில் ஹெட்ஃபோனோடு எந்தப் படத்தைச் சரிசெய்யச் சொல்கிறாள் என்று புரியாமல் விழிக்கிறார், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். தணிகாசலம் சார் எழுந்து நிற்கிறார். மஞ்சள் பந்து இன்னும் அவர் கையில் இருக்கிறது. கோபமாகக் கேட்கவில்லை, வீட்டில் பெண்பிள்ளையிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். 'எஸ்தரம்மா, நான் சொன்னதையும் சொல்லிட்டியாம்மா?'

எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை. ரகோத்தமன் சாரைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை, அவ்வளவு பேருக்கும் தெரிகிற மாதிரி, மறைக்கக்கூடத் தோன்றாமல். அவள் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி அடங்கியதைப் பார்த்தேன். அவளும் சம்பளத்துக்கு இருப்பவள்தான், மாதாமாதம் யாரோ கூப்பிட்டு யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள், சொல்லியிருப்பாள். பரிதாபமாகவும் இருந்தது, பரிதாபப்படுகிற என் மேல் வெறுப்பாகவும் இருந்தது. ரகோத்தமன் சார் படியேறி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். 'தணிகாசலம், உக்காருங்க, ப்ளீஸ்' என்றார் அதே மெதுவான குரலில். 'உங்க நெலமை எங்களுக்குத் தெரியாதா? இங்க இருக்கற ஒவ்வொருத்தர் நெலமையும் எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சாத்தானே ஹெல்ப் பண்ண முடியும்?' சொல்லிவிட்டுப் புன்னகைத்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சில் வரிசை வரிசையாக முகங்கள் மாறின. யார் யார் அந்த அறைக்குப் போனவர்கள் என்று மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. இத்தனை பேரா? ஒருத்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் தன் செருப்பையே பார்த்தார். அக்ஷிதா இப்போது கேமராவுக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டாள், அவள் முதுகைத்தான் அது எடுத்துக்கொண்டிருந்தது, ஆனால் குரல்? குரலுக்கு முதுகு மறைப்பா என்ன? தெரியும் என்று சொல்லிவிட்டார். அவர் வாயால், அவர் மைக்கில். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வாய்க்குள் புளிப்பாக எதுவோ ஊறியது, அவ்வளவுதான். தணிகாசலம் சார் உட்காரவில்லை. வரிசையில் இருப்பவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, மன்னிச்சுக்கோங்க மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிக்கொண்டே, பின்பக்கக் கதவைத் திறந்து வெளியே போனார்.

நானும் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் தொடவில்லை, வழிவிட்டார்கள். வராந்தாவில் சமோசாக்கள் தட்டில் அடுக்கி, மேலே பேப்பர் எண்ணெயில் நனைந்து ஒட்டியிருக்கிறது. லிஃப்ட்டை எட்டுவதற்குள் பின்னாலிருந்து ஹீல்ஸ் சத்தம், அக்ஷிதா, மூச்சு வாங்க. 'மேடம், மேடம், ஒரு நிமிஷம். சார் ஸீட் மாத்தச் சொல்லிட்டார். திங்கக்கிழமையிலிருந்து நீங்க ரின்யூவல். இப்பவே சிஸ்டத்துல போட்டுடறேன். வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் எதுவும் பேசிடாதீங்க மேடம், ப்ளீஸ்.' நான்கு மாதம் கேட்டது கால்மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. இவ்வளவு சுலபமா? ஒரு பட்டனைத் தட்டுகிற வேலையா? அப்படியென்றால் அந்த நான்கு மாதமும் வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் தட்டாமல் வைத்திருந்தார்கள். அவள் உதட்டில் லிப்ஸ்டிக் உலர்ந்து பொரிந்திருந்தது, கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவளையும் மேலிடத்திலிருந்து யாராவது ஃபோன் பண்ணிக் கேள்வி கேட்பார்கள் இனி. 'பேசுவேன் அக்ஷிதா' என்றேன். 'இன்னைக்கு சாயங்காலமே வக்கீல்கிட்டப் பேசுவேன். அதையும் சார்கிட்டச் சொல்லிடு.' அவள் அப்படியே நின்றாள். நான் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனேன், தணிகாசலம் சார் அங்கேதான் போயிருப்பார் என்று தோன்றியது.

நான்காவது மாடிக்கு இறங்குகிற திருப்பத்தில் படியில் உட்கார்ந்திருந்தார். மூலையில் பாக்கு எச்சில் காவியாகக் காய்ந்து கிடந்தது, அதற்குப் பக்கத்திலேயே கையை ஊன்றியிருந்தார், கவனிக்கவில்லை. மன்னிச்சிடுங்க சார் என்று ஆரம்பித்தேன். 'நீ எதுக்கும்மா' என்றார். மேலே ஹாலில் யாரோ உரக்கப் பேசுவது கேட்டது, ஒரு பெண் குரல், பிறகு பல குரல்கள். அவர் அதைக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. 'மூணு வருஷம் படுக்கையில கிடந்தா' என்றார். 'எல்லாம் நான்தான். குளிப்பாட்டறது, துடைக்கறது, எல்லாம். ஒரு நாள்கூட மொகம் சுளிச்சதில்லம்மா, ஊரே சொல்லும். போன அன்னைக்கு விடியக்காலம். பசங்க ஃப்ரீசர் பெட்டிக்கு ஃபோன் பண்ணிட்டு வாசல்ல நிக்கறாங்க. நான் உள்ள போனேன். அவ பக்கத்துல படுத்தேன். சும்மாத்தான் படுத்தேன். தூங்கிட்டேம்மா. அப்படி ஒரு தூக்கம், அந்த மூணு வருஷத்துல வராத தூக்கம். பெட்டி வந்து என்னை உலுக்கித்தான் எழுப்புனாங்க. அழுது மயங்கிட்டாருன்னு நெனச்சாங்க.' உள்ளங்கையால் முகத்தை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டார். 'நிம்மதியா இருந்துச்சு. அவ பொணத்துக்குப் பக்கத்துல எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதைத்தான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். ஒரே ஒரு தடவை. நம்ம மேனேஜர் அவ சாவுக்கு வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. தினமும் லிஃப்ட்ல பாக்கறேன். குட் மார்னிங் சொல்றாரு.' நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். 'அதையும் சொல்லியிருப்பாளா பவளம்?'

சாவுகளையே தின்று வளர்ந்த என் வயிறு, ஒரு வருஷமாக எதைப் பார்த்தாலும் புரட்டுகிற வயிறு, இப்போது அசையாமல் கிடந்தது. செத்த மனைவியின் பக்கத்தில் ஒரு மனிதன் படுத்துத் தூங்குகிறான், அவ்வளவுதான் தெரிந்தது. அந்த அறையின் வெளிச்சம்கூடத் தெரிந்தது. புடவையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்துப் படியில், எச்சில் கறைக்கு இந்தப் பக்கம், உட்கார்ந்தேன். ரகோத்தமன் சாரின் புன்னகை நினைவுக்கு வந்தது, ஒவ்வொருத்தர் நெலமையும். சொல்லியிருப்பாள். நிச்சயமாகச் சொல்லியிருப்பாள்.

'இல்ல சார்' என்றேன். 'அதைச் சொல்லியிருக்க மாட்டா. என்னுது வேலை சம்பந்தப்பட்டதுங்கறதால சொல்லியிருப்பா. உங்களோடது வீட்டு விஷயம். அதெல்லாம் சொல்ல மாட்டாங்க.'

'அப்படிங்கறே?'

'ஆமா சார்.'

அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.